மகிஷனும் தேவியும் எதிர்நிற்கும் சுவர்: மாமல்லபுரச் சிற்பத்தை எவ்வாறு படமெடுப்பது?

மாமல்லபுரத்துக் குன்றின் மேல், கலங்கரை விளக்கத்துக்கு அருகில், கிழக்கு நோக்கிக் குடையப்பட்ட மகிஷாசுரமர்த்தினி மண்டபம் இருக்கிறது. அதன் வடசுவரில், சிங்கத்தின் மீதமர்ந்து வில்லை வளைக்கும் தேவியும், எருமைத் தலையோடு இரு கைகளாலும் கதையைப் பற்றியிருக்கும் மகிஷனும் எதிரெதிரே நிற்கிறார்கள். குன்றேறி வருபவர்களில் கேமரா வைத்திருப்பவர் எவரும் இச்சுவரைப் படமெடுக்காமல் திரும்புவது அரிது. ஆயினும் அப்படங்களில் பெரும்பாலானவற்றைப் பார்க்கும்போது சுவரில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது; அவர்களுக்கிடையே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரிவதில்லை. ஒளி, நிற்குமிடம், சட்டகம், வண்ணம் ஆகியவற்றில் படமெடுப்பவர் முன் பல வழிகள் உள்ளன. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழக்க வேண்டியிருப்பதால், எந்த வழி இச்சிற்பத்தின் உணர்ச்சிக்கும் வரலாற்றுக்கும் பொருந்தும் என்பதை ஒப்பிட்டு முடிவு செய்துகொண்டு குன்றேறுவது நல்லது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஓர் அளவுகோல் தேவை. அதைச் சிற்பத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரின் இடப்பக்கத்திலிருந்து எட்டுக் கைகளோடு தேவி முன்னேறுகிறாள். அவளைச் சூழ்ந்து குள்ளமான, தொந்தி பெருத்த பூதகணங்கள் வாளும் கேடயமும் ஏந்தி வருகின்றன. முன்னணியில் ஒரு பெண் வீராங்கனையும் போரிடுகிறாள். வலப்பக்கத்தில் மகிஷன், தேவியைவிடப் பேருருவமாக, மகுடம் தரித்து, அரசனுக்குரிய குடையின் கீழ் நிற்கிறான். அவனுடைய உடல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கால்கள் விலகத் தொடங்கிவிட்டன. ஆனால் முகம் இன்னும் தேவியை நோக்கியே திரும்பியிருக்கிறது. கதையின் மீதுள்ள பிடியும் தளரவில்லை. அவனுடைய வீரர்களில் சிலர் ஏற்கெனவே விழுந்துவிட்டார்கள். அவனோ ஓடவும் இல்லை, விழவும் இல்லை. பேருருவன் பின்வாங்குகிறான், சிறியவள் முன்னேறுகிறாள், முடிவு இன்னும் வரவில்லை.

இது சிற்பி விரும்பித் தேர்ந்த கணம் என்பதற்கு மாமல்லபுரத்திலேயே சான்று உண்டு. மும்மூர்த்தி குகையின் புறச்சுவரிலும் ஆதிவராக மண்டபத்திலும் தேவி எருமைத் தலையின் மீது அமைதியாக நிற்கிறாள். அங்கே போர் முடிந்து வெற்றி நிலைபெற்றுவிட்டது. தமிழ் மரபுக்கு நெடுங்காலமாகப் பழகிய வடிவமும் அதுவே. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் போற்றப்படும் கொற்றவை எருமைத் தலைமேல் நிற்பவள்தான். அந்த வடிவத்தை நன்கு அறிந்திருந்த அதே ஊரில், இந்தச் சுவரில் மட்டும் போரின் நடுக்கணம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே இச்சிற்பத்தின் உணர்ச்சி தேவியின் முகத்தில் மட்டுமோ மகிஷனின் உடலில் மட்டுமோ தங்கியிருப்பதாக நான் கருதவில்லை. அது இருவருக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு வெளியில், அம்பு செல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறது. அந்த வெளியைக் காக்கும் முறை எது, அழிக்கும் முறை எது என்பதே என் அளவுகோல்.

ஒளி

இங்கே கவனமாக எடுக்க வேண்டிய முதல் முடிவு ஒளியைப் பற்றியது. மண்டபத்தின் முகப்பு கிழக்கே திறந்திருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் பாறை. வடசுவரை நோக்கி நிற்பவருக்கு வலக்கைப் பக்கம் முகப்பு. எனவே ஒளி எப்போதும் மகிஷனின் முதுகுப் பக்கத்திலிருந்து நுழைந்து, சுவரை ஒட்டியபடி தேவியை நோக்கிச் செல்கிறது. புடைப்புச் சிற்பத்துக்கு இதைவிட நல்ல ஒளியமைப்பு அமைவது கடினம். நேர் எதிரிலிருந்து விழும் ஒளி உருவங்களைச் சுவரோடு ஒட்டித் தட்டையாக்கிவிடும். பக்கவாட்டில் உரசிச் செல்லும் ஒளியோ ஒவ்வொரு தோளுக்கும் முழங்காலுக்கும் தனி நிழல் தந்து ஆழத்தை வெளிக்கொணரும். மேலும், தேவி ஒளியை எதிர்கொண்டு வருகிறாள். மகிஷன் ஒளிக்கு முதுகு காட்டி, அவளைத் திரும்பிப் பார்ப்பதால் அவன் முகத்தில் நிழல் படிகிறது. சிற்பி இதைத் திட்டமிட்டே செய்தார் என்று நான் வாதிடவில்லை. ஆனால் படமெடுப்பவர் இதை அறியாமல் நிற்கக் கூடாது.

இந்தத் திசையொளியைப் பயன்படுத்துவதில் முதல் வழி, காலை வெயில் நேரடியாகச் சுவரில் விழும்போது எடுப்பது. இது ஆண்டு முழுவதும் கிடைக்காது. மாமல்லபுரம் ஏறத்தாழ 12.6 பாகை வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் இறுதியில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. ஜூன் இறுதியில் அதே அளவு வடக்கே தள்ளி உதிக்கிறது. வடசுவர் தெற்கு நோக்கியது. ஆகவே சூரியன் தென்கிழக்கில் எழும் செப்டம்பர் இறுதி முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரையிலான மாதங்களில்தான் காலை வெயில் அதன் மீது பட வாய்ப்புண்டு. அவற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது பெரும்பாலும் தையும் மாசியும்தான். சூரியன் உயர உயர மண்டபத்தின் கூரை விளிம்பு வெயிலை வெட்டிவிடுவதால், அந்த மாதங்களிலும் கிடைப்பது சிறு பொழுதே.

அந்தச் சிறு பொழுது அழகானது என்பதில் ஐயமில்லை. கருங்கல்லில் வெம்மையான நிறம் ஏறுகிறது. உளியின் தடங்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் முகப்புத் தூண்களின் நிழல் சுவரின் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது. முகப்புக்கு அருகிலிருக்கும் மகிஷன் பக்கம் பளீரென்று எரிய, உள்ளே தள்ளியிருக்கும் தேவியின் பக்கம் இருளில் மூழ்குகிறது. நான் காக்க விரும்பும் அந்த இடைவெளியின் குறுக்கே ஒரு கூர்மையான நிழல் விளிம்பு விழுந்தால், கண் அந்த விளிம்பிலேயே நின்றுவிடும். மகிஷனின் சாய்வும் தேவியின் பாய்ச்சலும் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

இரண்டாம் வழி, நேர்வெயில் மண்டபத்தைவிட்டு விலகிய பிறகு, முகப்புக்கு முன்னுள்ள பாறைத் தரையில் மட்டும் வெயில் விழுந்துகொண்டிருக்கும் முற்பகல் நேரம். அப்போது உள்ளே வருவது வானத்தின் ஒளியும் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் மட்டுமே. அது மென்மையானது, ஆனால் திசையற்றதன்று. ஒரே பக்கத்திலிருந்து வருவதால் நிழல்கள் இருக்கும். விளிம்புகள் மட்டும் கரைந்திருக்கும். மகிஷன் பக்கம் தேவி பக்கத்தைவிட ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இருமடங்கு ஒளி) வெளிச்சமாக இருக்கலாம். அந்தச் சரிவு படத்துக்குத் தீங்கு செய்யாது. கண் வெளிச்சத்திலிருந்து இருளை நோக்கி, மகிஷனிடமிருந்து தேவியிடம் தானாகவே நகர்கிறது. இந்த ஒளி ஏறத்தாழ எல்லா மாதங்களிலும் கிடைக்கும் என்பது கூடுதல் நன்மை. மேகமூட்டமான நாளில் தரையொளியின் வெம்மை குறையும். ஆனால் திசை மாறாது. ஆகவே மேகத்தைக் கண்டு திரும்பிவிட வேண்டியதில்லை.

மூன்றாம் வழி, ஒளியை நாமே கொண்டு செல்வது. கேமராவின் மேல் பொருத்திய ஃபிளாஷை இச்சுவரின் முன் பயன்படுத்துவதை நான் முற்றாக மறுக்கிறேன். அது எதிரிலிருந்து அடித்து, கல் தானாகவே தந்துகொண்டிருக்கும் ஆழத்தை அழித்துவிடுகிறது. தேவியின் எட்டுக் கைகளும் வெறும் கோடுகளாகத் தோன்றும். கையில் பிடிக்கும் சிறு எல்இடி விளக்கை வலப்பக்கம் தாழ்வாக வைத்தால் நுணுக்கங்கள் தெரியும் என்பது உண்மைதான். எனினும் நாடக மேடையைப் போன்ற ஒரு மிகையுணர்ச்சி அதில் வந்துவிடுகிறது. கல்லிலேயே நாடகம் இருக்கும்போது மேலும் ஒன்றைச் சேர்க்கத் தேவையில்லை. மற்ற பார்வையாளர்களுக்கும் அது இடையூறு.

எனவே உணர்ச்சிக்காக எடுக்கும் முதன்மைப் படத்துக்கு முற்பகலின் மறைமுக ஒளியையே நான் தேர்கிறேன். தைமாதக் காலை வெயில் கிடைத்தால், முழுச் சுவரையும் அதில் எடுக்க முயலாமல், உளித்தடங்களையும் கல்லின் தேய்மானத்தையும் மட்டும் நெருக்கமாக எடுத்துக்கொள்வது பயனுள்ளது. அது வரலாற்றுக்கான ஒளி.

வெளிச்ச அளவைப் பற்றி ஒரு குறிப்பு. கேமராவின் ஒளிமானி இருண்ட கல்லைக் கண்டால் அதை நடுச்சாம்பலாக்க முயன்று படத்தை வெளிறச் செய்யும். பளிச்சிடும் முகப்பு சட்டகத்துக்குள் நுழைந்தால் நேர்மாறாக எல்லாவற்றையும் இருட்டடிக்கும். தானியங்கி அளவை நம்பாமல், மகிஷனின் ஒளிபட்ட தோள் எரிந்துபோகாத அளவுக்கு வெளிச்சத்தை நிலைநிறுத்தி, ரா கோப்பாக (கேமரா பதிந்த தரவைச் சுருக்காமல் காக்கும் வடிவம்) எடுத்துக்கொண்டு, தேவி பக்கத்து நிழலைப் பின்னர் மிதமாக உயர்த்துவது பாதுகாப்பானது. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி தேவைப்படுவதால், கையில் பிடித்து எடுப்பதாகவே திட்டமிட வேண்டும். ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறன் 800 முதல் 1600 வரை, அபர்ச்சர் எனப்படும் லென்ஸ் துளை f/5.6 என்ற அளவில் முற்பகலில் நடுக்கமின்றி எடுக்கலாம். புடைப்பின் ஆழம் குறைவு என்பதால் அதற்கு மேல் அபர்ச்சரைச் சுருக்கத் தேவை இராது.

நிற்குமிடம்

ஒளிக்கு அடுத்த முடிவு நிற்குமிடம். இதை வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக எண்ணிவிடக் கூடாது; யார் பக்கம் நின்று இந்தப் போரைப் பார்க்கிறோம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

முகப்பை ஒட்டி, அதாவது மகிஷனுக்கு அருகில் நின்று உள்நோக்கிப் பார்த்தால், மகிஷனின் உடல் சட்டகத்தை நிறைக்கிறது. அவனுடைய தோளுக்கு அப்பால், தொலைவில், சிறிய உருவமாகத் தேவி நம்மை நோக்கி வருகிறாள். அவள் முகம் நமக்கு நன்றாகத் தெரிகிறது. மகிஷனின் முகம் நம்மிடமிருந்து திரும்பியிருக்கிறது. மகிஷன் காணும் காட்சியையே நாமும் காண்கிறோம் என்பதால் இந்த இடம் முதலில் பெரிதும் கவர்கிறது. ஆனால் இங்கே இரண்டு குறைகள் உள்ளன. ஒளி நமக்குப் பின்னாலிருந்து வருவதால் உருவங்கள் தட்டையாகின்றன. சிற்பி ஏற்கெனவே மகிஷனைப் பெரிதாகவும் தேவியைச் சிறிதாகவும் செதுக்கியிருக்க, அண்மையும் தொலைவும் சேர்ந்து அந்த வேறுபாட்டை அளவு கடந்து பெருக்குகின்றன. தேவி வெல்லப் போகிறாள் என்பதற்கான அறிகுறி மகிஷனின் சாய்விலும் முகத்திலும்தான் உள்ளது. இங்கிருந்து அவை இரண்டும் சரியாகத் தெரிவதில்லை.

மறுபக்கத்தில், கருவறையை ஒட்டி உள்ளே நின்று, தேவியின் பின்னாலிருந்து முகப்பை நோக்கிப் பார்ப்பது இரண்டாம் வழி. இப்போது நாம் கணங்களுள் ஒருவராகிவிடுகிறோம். தேவியின் முதுகும் வளைந்த வில்லும் அருகில் இருக்க, அதற்கப்பால் மகிஷனின் முகம் நம்மைப் பார்க்கிறது. அச்சமும் அடங்காமையும் கலந்த அந்த முகத்தைக் காண இதுவே நல்ல இடம். ஒளி எதிரிலிருந்து உரசி வருவதால் ஒவ்வொரு உருவத்தின் விளிம்பிலும் மெல்லிய வெளிச்சக் கோடு விழுந்து, நிழல் நம்மை நோக்கி நீள்கிறது. முகப்பின் பிரகாசம் லென்ஸுக்குள் நேராக நுழைந்தால் படம் வெளிறும். அதைத் தவிர்க்க லென்ஸ் மூடாக்கும், தேவையானால் ஒரு கையின் மறைப்பும் போதும். தேவியின் முகத்தை இங்கிருந்து முழுமையாகக் காண இயலாது என்பது இழப்புதான். ஆனால் அவளுடைய முகத்தில் கொந்தளிப்பு இல்லை. அது அமைதியான முகம். அவளுடைய ஆற்றல் எதிரில் நிற்பவனின் உடலில் விளைவாகத் தெரிகிறது. ஆகவே அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுவருக்கு நேர் எதிரே நடுவில் நிற்பது மூன்றாம் வழி. இருவரும் தத்தம் அளவில், சிற்பி வகுத்த விகிதத்தில் நிற்கிறார்கள். இடையிலுள்ள வெளி குறுகாமல் அப்படியே இருக்கிறது. ஆவணத்துக்கு இதற்கு ஈடான இடம் வேறில்லை. உணர்ச்சி குறையும் என்று சிலர் கருதுவது, நேரெதிர்ப் படங்களில் பல கவனமின்றி எடுக்கப்படுவதால் வந்த எண்ணம். ஒளி சரியாக இருந்து, சட்டகத்தின் மையம் தேவியின் மீதோ மகிஷனின் மீதோ நில்லாமல் இடைவெளியின் மீதே நின்றால், நேரெதிர்ப் படமே மூன்றிலும் மிகுந்த இறுக்கம் உடையதாக அமையும். கேமராவை மார்பு உயரத்தில், சுவருக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். மண்டியிட்டு மேல்நோக்கி எடுத்தால் மகிஷன் கோபுரமாக உயர்ந்துவிடுவான். தேவியின் முகம் பின்னுக்குச் சரியும்.

ஒரே படம்தான் என்றால் நேரெதிர் இடத்தை நான் தேர்வேன். இரண்டு படங்கள் என்றால் உள்ளிருந்து முகப்பை நோக்கிய படத்தையும் சேர்ப்பேன். முகப்பை ஒட்டிய இடத்தை, எவ்வளவு கவர்ந்தாலும், விட்டுவிடுவேன்.

நேரெதிரே நிற்பதில் இடப்பற்றாக்குறை ஒரு நடைமுறைச் சிக்கல். எதிர்ச்சுவர் வரை பின்வாங்கலாமே என்று தோன்றும். ஆனால் கருவறைக்கு முன்னே துருத்திக்கொண்டு நிற்கும் சிறு முகமண்டபமும், அதன் சிங்க அடித்தூண்களும் பார்வையில் குறுக்கிடத் தொடங்கிவிடும். ஆகவே சுவர் முழுவதையும் அடக்கப் பலரும் 24 மி.மீ. அல்லது அதனினும் அகன்ற லென்ஸை நாடுகிறார்கள் (மி.மீ. எண் குறையக் குறைய லென்ஸின் பார்வை அகலும்). கைப்பேசியின் அகலக் கண்ணும் அதே வகைதான். அகன்ற லென்ஸ் சட்டகத்தின் ஓரங்களை இழுத்து நீட்டும் இயல்புடையது. வலது ஓரத்தில் நிற்கும் மகிஷனின் சாய்வு இல்லாத அளவுக்கு மிகையாகிவிடும். சாய்வுதான் கதை என்னும்போது அதை லென்ஸ் திருத்தி எழுத விடக் கூடாது. 35 மி.மீ. லென்ஸோடு இயன்றவரை பின்வாங்கி எடுப்பதும், அதுவும் போதாவிட்டால் 50 மி.மீ. லென்ஸில் கேமராவைச் சுவருக்கு இணையாக நகர்த்தி இரண்டு மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் இணைப்பதும் இதைவிட நேர்மையான வழிகள்.

முழுமையும் பகுதியும்

நெருக்கப் படங்கள் கவர்ச்சி மிக்கவை. தேவியின் இளமை ததும்பும் முகம், சிங்கத்தின் சீற்றம், கதையை இறுகப் பற்றிய மகிஷனின் விரல்கள், தலைகீழாக விழும் வீரன் ஆகிய ஒவ்வொன்றும் தனிப்படமாக நிற்கத் தகுந்தவை. எனினும் தேவியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்தால், அது எந்தக் கோயிலில் உள்ள எந்தத் தேவியின் முகமாகவும் இருக்கலாம். போரின் நடுவே அம்முகம் அமைதியாக இருப்பதுதான் வியப்பு. போரை நீக்கிவிட்டால் அமைதிக்கும் பொருள் இல்லாமல் போகிறது.

முழுச் சுவருக்கும் நெருக்கப் படத்துக்கும் இடையே மூன்றாவதாக ஒரு சட்டகம் உண்டு. பெரும்பாலோர் அதை முயல்வதில்லை. இடப்பக்கம் தேவியின் முகத்திலிருந்து தொடங்கி, வளைந்த வில்லைக் கடந்து, வலப்பக்கம் மகிஷனின் முகமும் கதையும் வரும் இடத்தில் முடித்துவிடும் நடுப்பகுதியே அது. சிங்கத்தின் பின்பகுதியும், தேவிக்குப் பின்னே வரும் கணங்களும், மகிஷனின் பின்னே ஒதுங்கும் வீரர்களும் வெளியே போய்விடுவார்கள். எஞ்சுவது இரண்டு முகங்களும், ஒரு வில்லும், ஒரு கதையும், நடுவே அந்த வெளியும்தான். 50 மி.மீ. லென்ஸுக்கு இது இயல்பாக அடங்குகிறது. ஓரங்களின் நீட்சியும் இராது. உணர்ச்சியை மட்டும் கருதி ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முழுச் சுவரைவிட இந்த நடுப்பகுதியையே நான் முன்னிறுத்துவேன். வரலாற்றையும் சேர்த்துக் கருதினால் முழுச் சுவர் வேண்டும். ஏனெனில் பேரரசுக் காலத்துப் போரில் குடையும் படையும் வகிக்கும் இடம் ஓரங்களில்தான் செதுக்கப்பட்டுள்ளது.

வண்ணமா, கருப்பு வெள்ளையா என்பதில் நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். பல்லவர்கள் தம் கோயில்களை வெறுங்கல்லாக விட்டுவிடவில்லை; காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் அக்கால ஓவியங்களின் எச்சங்களை இன்றும் காணலாம். ஆகவே இன்றைய சாம்பல் நிறக் கல்லே இச்சிற்பத்தின் மூல நிறம் என்று எண்ணி அதைக் காக்கப் போராட வேண்டியதில்லை. வடிவத்தின் விசையை மட்டும் காட்டும் நடுப்பகுதிப் படத்துக்குக் கருப்பு வெள்ளை பொருந்தும். கல்லின் கறைகளும் தேய்மானமும் தெரிய வேண்டிய வரலாற்றுப் படங்களுக்கு வண்ணமே ஏற்றது.

வரலாற்றைப் படத்துக்குள் கொண்டுவருதல்

உணர்ச்சி ஒரே சட்டகத்தில் அடங்கிவிடக்கூடும். வரலாறு அவ்வாறு அடங்குவதில்லை. இங்கே மூன்று வழிகளை ஒப்பிடலாம்.

முதலாவது, மண்டபத்தையும் சேர்த்து எடுப்பது. வெளியே நின்று முகப்புத் தூண்களோடு எடுத்தால், இச்சிற்பம் தனியாக ஓர் அருங்காட்சியகத்தில் நிற்பதன்று, ஒரே பாறையைக் குடைந்து உருவாக்கிய வழிபாட்டிடத்தின் சுவர் என்பது புலப்படும். சற்று விலகி எடுத்தால், மேலே பாறையின் உச்சியில் கட்டப்பட்ட ஓலக்கணேசுவரர் கோயிலும் சட்டகத்துக்குள் வரும். 19ஆம் நூற்றாண்டில் அக்கோயிலின் மேல்தான் கலங்கரை விளக்கு எரிந்தது. இன்றைய கலங்கரை விளக்கம் அருகிலேயே நிற்கிறது. குடைவரையும், கட்டுமானக் கோயிலும், கடல் வாணிகத்தின் விளக்கும் ஒரே குன்றில் அடுத்தடுத்து வருவதை அப்படம் சொல்லும். ஆனால் அதில் மகிஷனும் தேவியும் இருளில் மறைந்துவிடுவார்கள். எனவே அது துணைப்படமாகவே இருக்க முடியும்.

இரண்டாவது, காலம் கல்லில் விட்ட அடையாளங்களைத் தனியே எடுப்பது. மேலே சொன்ன தைமாத வெயில் இதற்கே உரியது. திருத்தும்போது கீறல்களையும் கறைகளையும் மென்பொருளால் துடைத்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். படத்தின் கோணலைத் திருத்தலாம், நிழலை உயர்த்தலாம். கல்லுக்கு நேர்ந்ததை நேராததுபோல் ஆக்கக் கூடாது.

மூன்றாவது வழியே வரலாற்றுக்கு மிகவும் நெருங்கியது என்று நான் கருதுகிறேன். அது எதிர்ச்சுவரைச் சேர்த்துக்கொள்வது. தென்சுவரில் திருமால் பாம்பணையில் அறிதுயில் கொள்கிறார்; அவரைத் தாக்க வந்த மதுவும் கைடபனும் ஆயுதத்தோடு நிற்கிறார்கள். இங்கே போர் இன்னும் தொடங்கவில்லை; வடசுவரில் போலவே முடிவும் வரவில்லை. தேவியின் போர்களைச் சொல்லும் வடமொழி நூலான தேவி மகாத்மியத்தில் மதுகைடபர் கதை முதலாவதாகவும் மகிஷன் கதை அதற்கு அடுத்ததாகவும் வருகின்றன. முதற் கதையில் திருமாலை ஆட்கொண்டிருக்கும் யோக நித்திரையும் தேவியே. இரண்டு சுவர்களும் எதிரெதிரே அமைந்திருப்பதை அந்த வரிசையோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஒன்றில் உறக்கமாகவும் மற்றொன்றில் போராகவும் தேவி தோன்றுவது புலப்படுகிறது. நடுவே கருவறையில் உமையோடும் குழந்தைக் கந்தனோடும் அமர்ந்த சிவனாகிய சோமாஸ்கந்தர் இருக்கிறார். போர்ச்சுவரை மட்டும் எடுத்துத் திரும்புபவர் இந்த வாக்கியத்தில் பாதியைத்தான் எடுத்து வருகிறார்.

இரு சுவர்களையும் ஒரே சட்டகத்தில் அடக்க முயல்வது பயன் தராது. மிக அகன்ற லென்ஸ் தேவைப்படும், இரண்டும் சிதையும். ஒரே லென்ஸில், ஒரே தொலைவில், ஒரே உயரத்தில் இரண்டு தனிப்படங்கள் எடுத்து எதிரெதிர்ப் பக்கங்களில் வைப்பதே தக்கது. நேர்வெயிலை நம்பியிருப்பவருக்கு இதுவும் இயலாது. வடசுவருக்குக் குளிர்காலத்து வெயில் என்றால், வடக்கு நோக்கிய தென்சுவருக்குக் கோடைக் காலத்துக் காலை வெயில்தான் வாய்க்கும். இரண்டும் ஒரே நாளில் கூடுவதில்லை. முற்பகலின் மறைமுக ஒளியோ இரண்டு சுவர்களையும் ஒரே தன்மையில் தொடுகிறது. ஒளியைப் பற்றிய என் முடிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

படத்தோடு வரும் குறிப்பும் வரலாற்றின் பகுதிதான். மாமல்லபுரத்துச் சின்னங்களில் பலவற்றை முதலாம் நரசிம்மவர்மன் (630–668) காலத்தவை என்று கூறுவது வழக்கம், தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவற்றைப் பின்னாளில் ஆண்ட இராசசிம்மப் பல்லவனின் படைப்புகளாகக் கொள்ள வேண்டுமென வாதிட்டார். ஆகவே ஓர் அரசனின் பெயரை உறுதியாக எழுதுவதைவிட, ‘பல்லவர் காலம், 7ஆம் நூற்றாண்டு அல்லது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம்’ என்று எழுதுவது நேர்மையானது. எந்தச் சுவர், எந்த மாதம், எந்த வேளை என்பதையும் சேர்த்து எழுதினால், பின்னர் அதே சுவரை எடுக்க வருபவர் ஒளியை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

சட்டகத்தில் பார்வையாளர்களைச் சேர்க்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. உருவத்தின் அளவை உணர்த்த ஒருவர் நிற்பது உதவும் என்றாலும், கண் எப்போதும் கல்லைவிட மனிதரையே முதலில் தேடிச் செல்லும். வெளியிலிருந்து எடுக்கும் மண்டபப் படத்தில், அடையாளம் தெரியாத தொலைவில் ஒருவர் இருக்கலாம். போர்ச்சுவரின் முன் யாரும் வேண்டாம். கூட்டம் விலகும்வரை காத்திருப்பதே வழி.

பிற்பகலில் மட்டுமே வர முடிகிற ஒருவருக்கு மேற்சொன்னவற்றில் சில பொருந்தா. அப்போது சூரியன் குன்றின் பின்பக்கம் இறங்கிவிடுவதால் முகப்புத் தரையும் நிழலில் இருக்கும். கிழக்கு வானத்தின் நீலம் கலந்த மெல்லிய ஒளி மட்டுமே உள்ளே வரும். ஐஎஸ்ஓவை 3200 வரை உயர்த்த வேண்டியிருக்கும். வெள்ளைச் சமநிலையைக் கையால் அமைக்காவிட்டால் கல் நீலம் பூத்துவிடும். அந்த வேளையில் முழுச் சுவரை எடுக்க முயன்றால் தேவி பக்கம் மந்தமாகிவிடுவதால், நடுப்பகுதிச் சட்டகத்தையே கருப்பு வெள்ளையாக எடுப்பது மேல். கருப்பு வெள்ளையில் நீலச்சாயல் சிக்கலாகாது; நிழலின் மென்மை மகிஷனின் முகத்துக்குப் பொருந்தியும் வரும். எதிர்ச்சுவரோடு சேர்ந்த இணைப்படத்தை மட்டும், முற்பகலில் வர இயலும் இன்னொரு நாளுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.